ஏழே ஏழு ரவைகள்

ஒரு துப்பாக்கியை, அதன் மரப்பிடி அழகாக இருந்ததற்காக வாங்கிய ஆள் நான். இதை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதிப்பேர் மான் வேட்டைக்காரர்கள். சாப்பாட்டு மேசையில் அவர்களுடைய கதையில் நானும் சேர ஆசைப்பட்டு, நாற்பத்தைந்து வயதில் வேட்டை அனுமதிப் பத்திரத்துக்குப் படித்தேன். சுடும் பரீட்சையில், கூட வேலை செய்யும் யென்சின் துப்பாக்கியை இரவல் வாங்கித் தேறினேன்.

மனைவி ஒன்றுதான் கேட்டாள். "வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்? இப்ப அதைக் காசு குடுத்து வாங்கப் போறியளோ?"

(நியாயமான கேள்வி. அதனால் வேறு ஆளிடம், யென்சிடம், யோசனை கேட்டேன்.)

அவன் சொன்னான். "முதல்ல தோட்டாவைத் தெரிவு செய். பிறகு அதுக்கேத்த துவக்கை எடு. எந்தக் கடையிலையும் கிடைக்கிற, மலிவான தோட்டாவா இருக்கோணும். அப்பதான் நிறையச் சுட்டுப் பழகலாம்."

தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். மூலையில் ஒரு பழைய துப்பாக்கி, தேன் நிற வால்நட் பிடியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. புதியதில் பாதி விலை.

கடைக்காரர் நேர்மையானவர். "இந்த அளவுத் தோட்டா இப்ப ஒருத்தரும் வைச்சிருக்கிறேல்லை. ஓடர் பண்ணினா மாசக்கணக்கா எடுக்கும். ஒண்டின்ர விலைக்கு மற்றதிலை நாலு வாங்கலாம்," என்றார்.

செத்துப்போன பழைய சொந்தக்காரரின் பெட்டியில் ஏழு ரவைகள் மிச்சமிருந்தன. (எங்கள் ஊர்த் தமிழில் தோட்டாவை ரவை என்போம்.) ஏழு ரவைக்கு ஏழு மான் என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன்.

இரண்டைச் சுட்டுக் குறியைச் சரிபார்த்தேன். மூன்றாவதை வீணாக்க மனம் வரவில்லை. ஓடர் பண்ணிய பெட்டியும் வரவில்லை. மற்றவர்கள் சனிக்கிழமைகளில் சுட்டுப் பழக, நான் வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்தேன்.

மே மாதம் வேட்டை தொடங்கியது. விடியற்காலையில் யென்சும் நானும் ஊசியிலைக் காட்டோரம் ஒரு பரணில் ஏறி உட்கார்ந்தோம். ஏணியின் அடிப்படிகூடத் தெரியாத மூடுபனி. பறவைகள் திடீரென்று அடங்கின. காட்டுக்குள் யாரோ இருமினார்கள். கரகரத்த, கோபமான இருமல். கொஞ்சம் கிட்டவாக இன்னொரு முறை.

"ஆரோ நிக்கினம்," என்றேன்.

"கிடா மான். அது அப்பிடித்தான் குரைக்கும்."

எனக்கு அது மானாகக் கேட்கவில்லை. தன் பொருளைத் தேடி வந்த ஆளாகக் கேட்டது.

பனி விலகியது. கிடா நின்றது. நேரே எங்களைப் பார்த்தது. குறிவைத்து விசையை இழுத்தேன்.

டிக்.

அவ்வளவுதான். மானும் அசையவில்லை, காடும் அசையவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. சின்ன வயதில், கூவிக்கொண்டு வந்த ஷெல்லின் கூவல் நின்று, அது விழுவதற்கு முன் வரும் அமைதி. வெடிக்காவிட்டால் குழலை முன்னுக்கு நீட்டியபடி பொறுத்திரு என்று பாடத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்குச் சரியாக வேறு எழுதியிருந்தேன். ஆனால் பதறிப்போய்க் குழலைக் கீழே சாய்த்தேன்.

அந்தக் கிழட்டு ரவைக்கு அப்போதுதான் விழிப்பு வந்தது.

சத்தம் அடங்கியபோது, பரணின் பலகையில், யென்சின் இரண்டு சப்பாத்துகளுக்கும் நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் மூடுபனி மெல்ல மேலே ஏறி வந்தது.

யென்ஸ் வலது காலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இடது காலை.

"இன்னும் எத்தினை இருக்கு?"

"நாலு."

"என்னட்டைத் தா."

அவன் குரலில் கோபமே இல்லை. நாலையும் எடுத்து அவன் கையில் வைத்தேன். காருக்கு நடந்தோம். இருமல் மரங்களுக்குள்ளால் எங்கள் பின்னாலேயே வந்தது.

அடுத்த நாளே துப்பாக்கியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். இப்போது என்னிடம் இருப்பது அவலட்சணமான ஒன்று. அதற்கு எந்தக் கடையிலும் ரவை கிடைக்கும். வாராவாரம் சுட்டுப் பழகுகிறேன். யென்ஸ் இன்றும் என்னோடு வேட்டைக்கு வருவான். (வேறு பரணில் இருப்பான்.)

இங்கே பிறந்த என் மகள் எதற்கும் டெனிஷில்தான் பதில் சொல்வாள். ஆனால் உப்புமா கிண்ட மனைவி என்னைத் தமிழ்க்கடைக்கு அனுப்பும் நாட்களில் மட்டும், மாடியிலிருந்து சுத்தமான தமிழில் சத்தம் வரும்.

"அப்பா, கடையில இருக்கிற ரவையாப் பாத்து வாங்குங்கோ. ஓடர் பண்ணிப்போடாதேங்கோ!"