பரண் மேல் ஒளித்து வைத்த கணக்கு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான்தான். இதை இரண்டாவது பத்தி வரைக்குமாவது சொல்லாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. (பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமே பெருமாள்மலை வருவதற்குள் சொல்லிவிடுகிற ஆள் நான்.) அதுவும் என்ன படிப்பு? பி.எஸ்ஸி. கணிதம். அந்தக் கணிதத்தை வைத்துக்கொண்டுதான் பூண்டி கிராமத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை ஒரே நாளில் முட்டை வாங்க வைத்தேன்.

பூண்டு பிடுங்கி முடித்திருந்த சமயம். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. கொடைக்கானலில் இருந்து ஒரு டீச்சர் இறங்கினாள். என் வயதுதான் இருக்கும். பூப்போட்ட ஜெர்கின், கழுத்தில் அடையாள அட்டை. 'விரைவுக் கணிதம்' என்று ஒரு திட்டம் வருகிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் ஒரு டெஸ்ட், அதில் தேறுகிறவர்கள் இரண்டு வருஷத்துக் கணக்கை ஒரே வருஷத்தில் படிப்பார்கள் என்றாள். போகும்போது பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். கிரீம் வைத்த பிஸ்கட்.

எனக்கு அங்கேதான் இடித்தது. சாதா பிஸ்கட் என்றால் விட்டிருப்பேன். கூப்பிடாமல் இந்த மலைக்கு ஏறி வந்து, முதலில் இனிக்க இனிக்கக் கொடுத்து, அப்புறம் "நல்லதாக எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்கிற ஒரே ஆள் பூண்டு வியாபாரி.

அன்று சாயங்காலம் நான் தங்கியிருந்த என் அக்கா வீட்டில் பெற்றோர்கள் கூடினார்கள். எல்லாருக்கும் சந்தேகம்தான், ஆளுக்கு ஒரு மாதிரி. கூட்டிப்போய் டவுன் விடுதியில் போட்டுவிடுவார்கள் என்றார் ஒருவர். இங்கே பிள்ளை குறைந்தால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள் என்றார் இன்னொருவர். பெரியசாமி மாமாவின் சந்தேகம் தனி ரகம்.

"வெரசா படிச்சு எங்கத்தா போகப் போகுதுக? பஸ்ஸு அது நெனச்ச நேரத்துக்குத்தான வரும்?"

உருப்படியாகக் கேட்டது எதிர்வீட்டு லட்சுமியக்கா மட்டும்தான்.

"கணக்கு வாத்தியாரு ஒருத்தருதான இருக்காரு. அவரு ஓடுற புள்ளைகளோட சேந்து ஓடிட்டா, மெதுவா நடக்குறதுகளுக்கு யாருங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாளே போய் அந்த டீச்சரிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். (ஆனால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டால்?) நான் அண்ணாந்து பார்த்தேன். அடுப்புக்கு மேலே பரணில் விதைப்பூண்டு கட்டுக் கட்டாகப் புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் விளைந்ததில் திரட்சியானதைப் பிரித்து விதைக்கென்று பரணில் ஏற்றிவிடுவார்கள். வியாபாரி வந்தால் அதைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். பார்த்துவிட்டால் அதைத்தான் கேட்பான். மற்ற மூட்டையை எட்டி உதைப்பான்.

"யாவாரி வந்தா பரண் பூண்டக் காட்டுவீங்களா?" என்றேன்.

"அதெப்படிக் காட்டுவோம்?"

"அப்பப் புள்ளைகள மட்டும் ஏன் காட்டணும்?"

அறை அப்படியே அமைதியானது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு மரியாதையான அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் சம்பாதித்ததில்லை.

டெஸ்டில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை இருக்கும், ஒன்றில் வட்டம் போட வேண்டும். நான் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பயிற்சி கொடுத்தேன். சரியான விடை எது என்று முதலில் பாருங்கள், அதை விட்டுவிட்டு வேறு எதிலாவது போடுங்கள். யாராவது ஒருத்தர் சரியாகப் போட்டுவிட்டால் அவரைத் தனியாகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கொஞ்சம் மிரட்டியும் வைத்தேன்.

அக்கா மகள் தர்ஷினிக்குத்தான் மனசு வரவில்லை. அவள் கணக்கை மிட்டாய் மாதிரி சப்பிச் சாப்பிடுகிறவள்.

"சித்தி, செலக்ட் ஆனா ஏழாங்கிளாசுப் புக்கு இப்பவே குடுப்பாங்களாம்."

"அதான் பிஸ்கட்டு மாதிரி."

"நெசமாவே எல்லாத்தையும் தப்பாப் போடணுமா?"

போடணும் என்றேன். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகவே சாப்பிட்டேன்.

டெஸ்ட் முடிந்து ஒரு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் தரையில், நாங்கள் பெஞ்சில். ஜெர்கின் டீச்சர் மார்க் வாசித்தாள். தர்ஷினி, பூஜ்யம். லட்சுமியக்கா மகள், பூஜ்யம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் வரிசையாக முட்டை. நான் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தேன். மக்குப் பிள்ளைகள் என்று மூட்டையை உதைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவாள், அவ்வளவுதான்.

கடைசியாக, வகுப்பிலேயே முதல் மார்க் கௌதம் என்றாள். கௌதம் பெரியசாமி மாமா மகன். கணக்கில் அவன் பாஸாகி யாரும் பார்த்ததில்லை. பாவம், நான் சொன்னபடி தப்பாகப் போடத்தான் அவனும் மெனக்கெட்டிருக்கிறான். மாமா எழுந்து நின்று, சுற்றி ஒரு பார்வை பார்த்து, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இங்க மேத்ஸ் படிச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டாள்.

ஊரே என்னைக் காட்டியது. காட்டாவிட்டாலும் எழுந்திருப்பேன்.

"மேடம், ஒண்ணுமே தெரியாத ஒரு ஸ்டூடண்ட் கண்ண மூடிட்டு வட்டம் போட்டா, எவ்வளவு சரியா வரும்?"

இது ஒரு கேள்வியா? "நாலுல ஒரு பங்கு" என்று கல்லூரிக் குரலில் ஆரம்பித்தேன். பங்கு என்று முடிக்கும்போதுதான் வரிசையாக வந்த முட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன.

"அப்ப, ஒண்ணுகூட சரியா வரக்கூடாதுன்னா?"

நான் கூரையைப் பார்த்தேன். பரண் எதுவும் இல்லை, ஓடுதான் இருந்தது. பதில் தரையிலிருந்து வந்தது.

"எல்லாம் தெரிஞ்சிருக்கணும் டீச்சர்" என்றாள் தர்ஷினி.

டீச்சர் பேப்பர்களை மேஜையில் தட்டி அடுக்கினாள். முட்டை வாங்கியவர்கள் அத்தனை பேரையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். இவ்வளவு சுத்தமான பேப்பரை எந்த ஊரிலும் பார்த்ததில்லையாம். பார்வை மட்டும் என் மேலேயே இருந்தது. பி.எஸ்ஸி. மெதுவாகப் பெஞ்சில் இறங்கியது.

"அப்ப எம் மகன்?" என்றார் பெரியசாமி மாமா. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

லட்சுமியக்கா எழுந்தாள். மகள் தேறிவிட்ட பிறகும், அன்று கேட்ட அதே கேள்வியை அப்படியே கேட்டாள். வாத்தியார் இவர்களோடு போய்விட்டால் கௌதம் மாதிரி பிள்ளைகளுக்கு யார்?

டீச்சர் அடுக்கி வைத்த பேப்பர்களையே மறுபடி அடுக்கினாள். அதற்கு இன்னும் ஆள் போடவில்லை என்று ஒப்புக்கொண்டாள். ஆக, சந்தேகப்பட்டது சரிதான்! சந்தேகத்தை வாயால் கேட்பதற்குப் பதிலாக வட்டம் போட்டுக் கேட்டதுதான் தப்பு. இதை எழுந்து சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"நம்ம பி.எஸ்ஸி. வீட்டுல சும்மாதான கெடக்கு."

அன்று சிரித்த சிரிப்பில் கூக்கால் ஏரிவரைக்கும் அலை அடித்திருக்கும். தர்ஷினி ஏழாம் வகுப்புப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் சாக்பீஸோடு வந்தேன்.

இன்றும் சனிக்கிழமைகளில் மெதுவாக நடக்கிற பிள்ளைகளோடு நானும் நடக்கிறேன். போன மாதம் வட்டம் போடும் டெஸ்ட் ஒன்று வைத்தேன். கௌதம் முட்டை. எனக்குக் குப்பென்று ஒரு சந்தோஷம்.

"ஏலே, தெரிஞ்சேதான் போட்டியா?"

அவன் சிரித்தான். எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வீட்டிலோ கேட்கவே வேண்டாம். தர்ஷினி நூற்றுக்கு நூறு வாங்கி வந்தால், "முட்டை வாங்குற அளவுக்கு இன்னும் வெவரம் பத்தல" என்று அக்கா உச்சுக்கொட்டுவாள். வியாபாரி வந்து விதைப்பூண்டு இருக்கிறதா என்று கேட்டால், அக்கா வீட்டுக்காரர் பரணைக் காட்டமாட்டார், என்னைக் காட்டுவார். "அதெல்லாம் எங்க பி.எஸ்ஸி. கிட்டக் கேளுங்க. ஒளிச்சு வைக்கிறதுல அவதான் டிகிரி வாங்கியிருக்கா."