பெட்டி அங்கே, ஆள் இங்கே

இந்த வருஷம் ஆடுகள் குட்டி போடுவதற்கு முன்னால் அந்த இரண்டு கயோட்டிகளையும் தன் கையாலேயே முடித்துவிடுவது, மைத்துனன் ஓடெலை மட்டும் செத்தாலும் கூப்பிடுவதில்லை என்று செல்மர் முடிவெடுத்தார். முடிவைக் காலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து அறிவித்தார். கேட்டுக்கொண்டிருந்தது மனைவி வெர்னாவும், மேஜைக்கடியில் படுத்திருந்த நாய் பூட்ஸும்தான். பூட்ஸ் வாலை ஆட்டியது. வெர்னா அதுகூடச் செய்யவில்லை.

கயோட்டி ஓநாய்க்குத் தம்பி, நரிக்கு அண்ணன். இரண்டையும் கடைத்தெருவில் விற்றுவிட்டு வரக்கூடிய புத்தி அதற்கு. கிழக்கு மொன்டானாவில் ஆடு வளர்க்கிறவர்கள் கடவுளுக்கு அடுத்தபடியாக அதிகம் உச்சரிக்கிற பெயர் அதனுடையது. ஆனால் அந்த மரியாதையோடு அல்ல. போன வசந்தத்தில் ஒரு ஜோடி செல்மரின் குட்டிகளை ஒவ்வொன்றாக வேலிக்கு வெளியே கொண்டுபோய் விருந்து நடத்தியது. கடைசியில் ஓடெல் வந்து ஒன்றைச் சுட்டான். சுட்டது ஒரு காலைப்பொழுது. அதைப் பற்றி ஊர்க் காபிக்கடையில் பேசியது வருஷம் முழுவதும். தப்பித்த கயோட்டியோ காத்திருக்காமல் வேறு துணை தேடிக்கொண்டது.

"இந்தத் தடவை உன் தம்பியோட நிழல்கூட இந்தப் பண்ணையில விழக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே தபாலில் வந்த பார்சலைப் பிரித்தார் செல்மர். உள்ளே ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி. கூடவே கையில் பிடித்துக்கொள்ள ஒரு ரிமோட்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் வெர்னா.

"அடிபட்ட முயல் இருக்கு. அழற குட்டி இருக்கு. எலி இருக்கு. பட்டனை அமுக்கினா கத்தும்."

"எலி நம்ம களஞ்சியத்துலயே இருக்கே. தபால்ல வேற வரவழைச்சியா?"

"இது கயோட்டியைக் கூப்பிடற எலி. செத்த ஆட்டை இழுத்துட்டுப் போய்ப் பள்ளத்துல போடப் போறேன். இரையும் சத்தமும் சேர்ந்தாத்தான் வேலை நடக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கேளு."

வெர்னா தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இரை மட்டும் வச்சா என்ன ஆகும்? வரும். ஆனா அதுக்குச் சௌகரியப்பட்ட நேரத்துக்கு வரும். நீ இல்லாதப்ப தின்னுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிடும்."

"சரி."

"சத்தம் மட்டும் போட்டா? முதல் தடவை ஓடி வரும். அடுத்த தடவை யோசிக்கும். அப்புறம், சும்மா கத்தறாங்கன்னு திரும்பிப் படுத்துக்கும்."

வெர்னாவின் கை நின்றது. "எனக்குத் தெரிஞ்ச ஜந்து மாதிரியே இருக்கே" என்று மெதுவாகச் சொன்னார்.

செல்மருக்கு அது கேட்கவில்லை. "ரெண்டையும் சேர்த்தா கதையே வேற. இரை அதை இந்தப் பக்கமே சுத்த வைக்கும். சத்தம் நமக்கு வேணுங்கற நேரத்துக்கு வரவைக்கும்."

"பெட்டியை மடியில வச்சுக்கிட்டு உட்காருவியா?"

"அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. சத்தம் வர்ற பக்கம்தான் அது பார்க்கும். பக்கத்துல வச்சா நம்மளையும் பார்த்திடும். பெட்டி அங்க, ஆள் இங்க. ரிமோட் நம்ம கையில. அப்புறம் காத்து அதுகிட்டேயிருந்து நம்ம பக்கம் அடிக்கணும். நம்ம வாசனை பட்டுச்சோ, போச்சு."

"நல்லா யோசிச்சிருக்காங்க" என்றார் வெர்னா. அவர் ஒன்றைப் பாராட்டுவது அபூர்வம். செல்மர் இன்னொரு பான்கேக் எடுத்துக்கொண்டார்.

செல்மரின் காது விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நாற்பது வருஷம் டிராக்டர் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் கேட்ட காது அது. தாழ்ந்த சத்தமெல்லாம் கேட்கும். மாடு கத்தினால் கேட்கும், ஓடெல் பேசினால் துரதிர்ஷ்டவசமாகக் கேட்கும். கீச்சென்று போகிற எதுவும் கேட்காது. ஆனால் அவர் கணக்கில் அவர் காதில் ஒரு குறையும் இல்லை. வெர்னாவுக்குத்தான் வயதாக ஆக முணுமுணுக்கிற பழக்கம் வந்துவிட்டது.

காது கேட்கும் கருவி வாங்கிக்கொள் என்று வெர்னா கத்திப் பார்த்தார். முதல் தடவை செல்மர் யோசிக்கிறேன் என்றார். அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கத்துவதை விட்டுவிட்டு, இனிப்புச் சுருள் ரொட்டி வாங்கித் தருகிறேன் என்று டவுனுக்குக் கூட்டிப்போனார். செல்மர் ரொட்டியைத் தின்றார். காது வைத்தியர் வாசலில் வண்டி நின்றபோது கதவை உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டார்.

போன இலையுதிர் காலத்தில் கிடாய் ஒன்று வெர்னாவைக் கொட்டகை மூலையில் முட்டி நிறுத்திவிட்டது. அவர் செல்மரின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று செல்மர் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார். வந்தது பூட்ஸ்தான். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது என்றார் செல்மர். வெர்னா ஒரு மாசம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பிப்ரவரிப் பனியில் செத்த ஆட்டை டிராக்டரில் கட்டி இழுத்துப்போய்ப் பள்ளத்தில் போட்டார் செல்மர். மறுநாளே கயோட்டிகள் வந்து போன தடம் தெரிந்தது. விடியற்காலையில் பெட்டியைப் புதரடியில் வைத்துவிட்டு, தள்ளிப் போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்து, எலியை அமுக்கினார்.

ஒன்றும் கேட்கவில்லை.

சத்தத்தைக் கூட்டினார். கேட்கவில்லை. கடைசி வரை கூட்டினார். முயலை வைத்தபோது எங்கோ கொசு பறப்பது போல இருந்தது. நேரம் போனது. எதிர்மேட்டின் உச்சியில் இரண்டு கயோட்டிகள் வந்து கச்சேரி கேட்க வந்தவர்கள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் கேட்டன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. எழுந்து போய்விட்டன.

மறுநாளும் அதே கதை. வெளிச்சம் வருவதற்குள் இரையைத் தின்றுவிட்டு, வெளிச்சம் வந்ததும் மேட்டிலிருந்து வேடிக்கை பார்த்தன. செல்மர் இன்னொரு செத்த ஆட்டைக் கொண்டுபோய்ப் போட்டார். கோழிக்கூண்டு பள்ளத்திலிருந்து அரை மைல். அங்கே கோழிகள் முட்டை போடுவதை நிறுத்திவிட்டன.

"வேட்டையா, இல்ல கயோட்டிக்கு ஓட்டல் நடத்தறியா?" என்று கேட்டார் வெர்னா.

"பெட்டி கோளாறு. சத்தமே வர்ல. இந்தக் கம்பெனிக்காரனுங்க ஏமாத்திட்டானுங்க."

"சத்தமே வர்லயா?"

"மருந்துக்குக்கூட வர்ல."

வெர்னா மேஜைமேல் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ரிமோட்டை எடுத்து எலியை அமுக்கினார். பூட்ஸ் துள்ளி எழுந்து மேஜைக் காலில் தலையை இடித்துக்கொண்டது. பூனை திரைச்சீலையில் பாதி தூரம் ஏறி அங்கேயே தொங்கியது. செல்மர் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"இந்த நாய்க்கு வயித்துல பூச்சி. மருந்து கொடு" என்றார்.

வெர்னா எலியை நிறுத்தினார். ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்தார். கணவரை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் ஒரு போன் செய்தார்.

மறுநாள் ஓடெல் வந்தான். வண்டியிலிருந்து இறங்காமலே பேசினான்.

"என்ன மச்சான், கயோட்டியெல்லாம் எப்படி இருக்கு? கொழுத்திருக்கா?"

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"கூப்பிடற பெட்டி வாங்கியிருக்கீங்களாமே. என் பெட்டியும் கொஞ்ச நாளாத் தகராறு. சனிக்கிழமை டவுன் ஹால்ல ஒரு பொண்ணு வர்றா. சத்தத்தைச் சோதிக்கற மெஷினெல்லாம் வச்சிருக்கா. எது கோளாறுன்னு சொல்லிடுவாளாம். நான் கொண்டு போறேன். நீங்க வராதீங்க, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். பீன்ஸ் குழம்பு, சுருள் ரொட்டி வேற போடறாங்க. எனக்கே கிடைக்குதோ என்னமோ."

செல்மர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெர்னா வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை எங்கயும் போகக் கூடாது" என்று உரக்கச் சொன்னார் வெர்னா. "கொட்டகைக் கதவைச் சரி பண்றேன்னு போன வருஷத்துலேர்ந்து சொல்ற."

அது போதுமானதாக இருந்தது. சனிக்கிழமை ஓடெலை முந்திக்கொள்ள நேரத்தோடு செல்மர் ஹாலில் இருந்தார்.

சுருள் ரொட்டி உள்ளங்கை அகலம் இருந்தது. இரண்டைத் தின்றுவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி மூலையில் இருந்த பெண்ணிடம் போனார்.

"இதுல எலி வேலை செய்யல" என்றார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "பார்த்திடலாம், உட்காருங்க. இதைத் தலையில மாட்டிக்குங்க. சத்தம் கேட்டா இந்தப் பட்டனை அமுக்குங்க."

செல்மர் அமுக்கினார். அமுக்கினார். அப்புறம் ரொம்ப நேரம் அமுக்காமல் உட்கார்ந்திருந்தார். பொழுது போகாமல் ரொட்டியைக் கடித்தார்.

"எப்போ ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு" என்றாள் அந்தப் பெண். "பெட்டி நல்லா இருக்கு."

செல்மருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் சிவந்தது. எழுந்துகொள்ளப் போனார். அதற்குள் அவள் பயறு அளவில் இரண்டு சாமான்களை அவர் காதுகளில் வைத்துவிட்டு, அவருடைய பெட்டியில் எலியை மிகமிகச் சின்னச் சத்தத்தில் ஓடவிட்டாள்.

செல்மர் அப்படியே நின்றார். எலி கீச்சிட்டது. அவருடைய காலணி தரையில் கிறீச்சிட்டது. பக்கத்து மேஜையில் யாரோ ஸ்பூனைக் கீழே வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளை சிரித்தாள்.

"நீங்க எவ்வளவு சத்தத்துல வச்சீங்க?" என்று கேட்டாள் மெஷின்காரப் பெண்.

"கடைசி வரைக்கும்."

"அந்தச் சத்தத்துல எலி கத்தினா நானே ஊரைவிட்டு ஓடியிருப்பேன்."

செல்மர் எதிர்மேட்டு உச்சியில் உட்கார்ந்திருந்த அந்த ஜோடியை நினைத்தார். சின்னதாக ஒரு ரிமோட்டோடு அந்தக் காதுக் கருவிகளை வாங்கிக்கொண்டு வீடு வந்தார். வழியில் யார் பக்கமும் திரும்பவில்லை.

அடுத்த காலை பள்ளத்தில் காற்று அவர் முகத்தில் அடித்தது. பெட்டியில் எலியைத் தனக்கே அரைகுறையாகக் கேட்கிற அளவில் வைத்தார். பனி உறைந்த புல் முறிகிற சத்தம் கேட்டது. ஆண் கயோட்டி அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் காதுக்கு வந்துவிட்டது. இரைக்கும் பெட்டிக்கும் நடுவில் அது நின்றபோது சுட்டார். பெண்ணுக்கு இன்னும் சில காலைகள் ஆயின. குட்டி அழுகிற சத்தத்தை வைத்து அதையும் முடித்தார். முதல் ஆடு குட்டி போட அப்போது இரண்டு வாரம் இருந்தது.

அன்று மத்தியானம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். கெட்டில் கொதிப்பது கேட்டது. அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஓடெல் உதவி இல்லாமயே முடிச்சிட்டேன்" என்றார்.

"ஆமா" என்றார் வெர்னா.

"அவன் மட்டும் அந்தப் பொண்ணு வர்றதை உளறாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்த செல்மர் நிறுத்தினார். "ஆமா, அவன் ஏன் ஹாலுக்கே வரல? பெட்டி தகராறுன்னு சொன்னானே."

"அவன்கிட்ட ஏது பெட்டி?"

கடிகாரம் கொஞ்ச நேரம் ஓடியது.

"சத்தம் வர்ற பக்கம்தான் அது பார்க்கும்னு யாரோ சொன்னாங்க" என்றார் வெர்னா. "நான் சொல்லியிருந்தா நீ என்னையில்ல பார்த்திருப்ப. அதான் பெட்டியைத் தள்ளி, ஓடெல் வாயில வச்சேன்."

"சுருள் ரொட்டி?"

"இங்கதான் சுட்டேன். ராத்திரியே அனுப்பிட்டேன்."

"போகக் கூடாதுன்னு சொன்னியே. கொட்டகைக் கதவுன்னு."

"என் வாசனை உன் பக்கம் அடிக்கக் கூடாதுல்ல."

வெர்னா பேசினார். கொட்டகைக் கதவு, கூரையில் ஒழுகுகிற இடம், கிடாய் உடைத்த தடுப்பு, உள்அறை ஜன்னல் என்று வருஷக்கணக்கில் முணுமுணுத்ததாகச் சொல்லப்பட்ட எல்லாவற்றையும் சாதாரணக் குரலில், ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்படி சொன்னார். செல்மர் காதுக் கருவியின் சத்தத்தைக் குறைக்கலாம் என்று மெல்லச் சட்டைப் பையில் கை விட்டார். பிறகு மற்றப் பையில் விட்டார்.

"அந்தச் சின்ன ரிமோட்டைப் பார்த்தியா?"

வெர்னா ஏப்ரன் பையிலிருந்து அதை எடுத்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் போய் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"பெட்டி அங்க" என்று செல்மரின் காதைக் காட்டினார். "ஆள் இங்க."

இரண்டு தடவை அமுக்கினார்.

"இப்போ கேக்குதா?"

"கேக்குது" என்றார் செல்மர்.

எழுந்து சுத்தியலைத் தேடிக்கொண்டு போனார். இந்தத் தடவை இரைகூடத் தேவைப்படவில்லை.