ஊதக் கூடாத கேசட்

டிவி திரை கறுப்பாகவே இருந்தது. வால்டெமிர் கேம் பெட்டியை அணைத்தான், கேசட்டை உருவினான், துடைத்தான், செருகினான், மறுபடி போட்டான். கறுப்பு. ஆறாவது தடவையும் அதே கறுப்பு.

“ஊதிப் பாரேன்” என்று சமையலறையிலிருந்து மனைவி மார்லூசியாவின் குரல் வந்தது.

“ஊதக் கூடாது.”

“சின்ன வயசுல எல்லாரும் ஊதி ஊதித்தானே ஆடினோம்?”

“சின்ன வயசுல மூக்கைக்கூடத்தான் நோண்டினோம். நாப்பத்தஞ்சு வயசுல நாலு பேர் முன்னாடி நோண்ட முடியுமா?”

மார்லூசியா கரண்டியும் கையுமாக வந்து நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு டிவியைப் பார்த்தாள். பிறகு டிவி இருந்த மூலையை, அளவெடுப்பது போல, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் வால்டெமிருக்குத் தெரியும்.

அந்த மூலைக்காக மூன்று வருடமாகச் சண்டை. மார்லூசியா வீட்டிலேயே பெண்களுக்கு நகம் திருத்தி வண்ணம் பூசிவிடுகிறாள். வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் இடம் ஜன்னலோர மூலை ஒன்றுதான். அதில் வால்டெமிரின் இருபத்தொன்பது அங்குல டப்பா டிவி யானைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் காலடியில் முப்பது வருடத்துக் கேம் பெட்டி. வாடிக்கைக்காரிகள் பாவம், சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

போன வாரம் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தபாலில் வந்திருக்கும் புது கேம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் ஓடினால் மூலை அவனுக்கு, அவள் இந்த ஜென்மத்தில் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். ஓடாவிட்டால் மூலை அவளுக்கு, அவள் அண்ணன் ஜுராந்திர் டிவியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மாதா கோயில் பஜாரில் போட்டுவிடுவான். வால்டெமிருக்கு நோட்டரி ஆபீசில் வேலை. இன்னார் கையெழுத்து இன்னாருடையதுதான் என்று நாள் முழுக்க முத்திரை குத்துகிறவன். இந்த ஒப்பந்தத்தையும் அவனே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அவனே முத்திரையும் குத்தி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தான். அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி அதைக் கைகழுவிக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் குரிச்சிபா நகரத்தில் டார்சிசியோ என்று ஒருவர், பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், மூன்று வருடம் உட்கார்ந்து அதற்குப் புத்தம் புதிதாக ஒரு கேம் எழுதியிருந்தார். வெள்ளத்தில் அடித்துப்போன குட்டிகளைத் தேடி ஒரு தாய் கபிவாரா, பன்றி அளவிலான நீரெலி, ஆறு ஆறாக நீந்திப் போகும் கதை. மொத்தம் இருநூறு கேசட். வால்டெமிருடையது முப்பத்தேழாம் எண். வண்ண அட்டை, தடித்த பிளாஸ்டிக் பெட்டி, கண்ணாடிக் காகித உறைக்குள் ஒரு சின்னப் புத்தகம். பார்சலைப் பிரித்த அன்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. செத்துப்போயிற்று என்று ஊரே சொன்ன ஒன்றுக்கு எங்கோ ஒருவர் இன்னும் உட்கார்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறார் என்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

கேசட்டில் செம்புப் பற்கள் இருக்கும் விளிம்போரம் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. கையால் செய்த பொருள், குறை இருக்கத்தான் செய்யும் என்று பெருந்தன்மையாக மன்னித்து, தூசி போகாமலிருக்க அன்றே டேப் ஒட்டிவிட்டான்.

“அந்தப் புத்தகத்துல ஏதாவது எழுதியிருக்கும். படிச்சுப் பாரு” என்றாள் மார்லூசியா.

“அது சீல் பிரிக்காத புத்தகம். உறையைக் கிழிச்சா மதிப்பே போச்சு.”

“அப்ப படிக்கக் கூடாதுன்னுதான் புத்தகம் போட்டிருக்காங்களா?”

“உனக்குப் புரியாது.”

“சரி, செஞ்சவருக்கே ஒரு போனைப் போடு.”

“நானா? கழகத் தலைவர் நானு. கேசட்டை எப்படிப் போடறதுன்னு நான் ஒருத்தர்கிட்ட கேக்கறதா?”

அவர்கள் ஊரான சொரொகாபாவின் பழைய வீடியோ கேம் கழகத்துக்கு வால்டெமிர்தான் தலைவன். இருநூற்றுப் பதினான்கு உறுப்பினர்கள். கழகத்தின் கைபேசிக் குழு முகப்பில் அவன் எழுதிய ஒன்பது விதிகள் நிரந்தரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் விதி: கேசட்டை ஊதாதீர், எச்சில் ஈரம் செம்பை அரிக்கும். ஒன்பதாவது விதி: முதல் விதியை மறுபடி படிக்கவும். யாராவது கேசட்டை வாயருகே கொண்டுபோகும் படம் போட்டால் அடுத்த நிமிடம் ஆளை நீக்கிவிடுவான். இதற்குப் பின்னால் ஒரு புண் இருந்தது. பதினோரு வயதில் சீஸ் பன்னைத் தின்றுகொண்டே வாடகைக் கேசட் ஒன்றை ஊதி, வாயிலிருந்த அரை பன்னும் கேசட்டுக்குள் போய், வாடகைக் கடைக்காரர் அவன் பெயரைக் கதவில் ஒரு மாதம் எழுதிப் போட்டிருந்தார். தெருவே படித்தது. அதிலிருந்து அவன் பிறந்தநாள் கேக்கின் மெழுகுவத்தியைக்கூட விரலால்தான் அணைப்பான்.

சாப்பாடு முடிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினான். முதலில் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பெட்டியின் வாயைத் துடைத்தான். பஞ்சில் பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க மார்லூசியா புருவம் பிடுங்கும் இடுக்கியை எடுத்தான். பஞ்சு வந்தது. கூடவே உள்ளே ஒரு பல்லும் வளைந்துகொண்டது. சந்தேகத்தோடு பழைய ஃபுட்பால் கேசட்டைப் போட்டுப் பார்த்தான். நேற்றுவரை கோல் போட்டுக்கொண்டிருந்த கேசட். அதுவும் கறுப்பு.

“முன்னாடி புதுசு மட்டும்தான் ஓடல. இப்போ பழசும் ஓடலையா?” என்றாள் மார்லூசியா. “நல்ல முன்னேற்றம்.”

“பொறு. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.”

பெட்டியைத் திறக்க வேண்டும். அதன் திருகுகளுக்குக் கடையில் கிடைக்கும் எந்தத் திருப்புளியும் சேராது. பேனாக் குழாயை நெருப்பில் உருக்கி, திருகின் தலையில் அழுத்தி, ஆறவிட்டுத் திருப்ப வேண்டும். அது கழகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்லூசியா வாடிக்கைக்காரிகளின் பெயரெழுதும் ஊதாப் பேனா அந்த யாகத்தில் போயிற்று. பெட்டி திறந்தது. வளைந்த பல்லை நிமிர்த்தி மூடினான். ஃபுட்பால் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு திருகு மிச்சமாகக் கையில் இருந்தது. கபிவாரா வரவே இல்லை.

மூன்றரைக்கு ஜுராந்திர் வந்து சேர்ந்தான். வயதானவர்கள் ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பாலில் விழுந்து புரண்டு, முழங்கால் வரைக்கும் செம்மண்.

“என்ன மாப்ள, உம்பொண்டாட்டி கயிறெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னா. ஓடுதா, ஏத்திரலாமா?”

“ஓடும் மச்சான். அஞ்சு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.”

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. செத்த மாட்டுக்கு எதுக்கு மாப்ள புதுப் புல்லு?”

“சாகல மச்சான். சாகாததாலதான் ஒரு மனுஷன் மூணு வருஷம் உக்காந்து எழுதியிருக்காரு.”

“அப்ப ஊதிப் பாரு. ஊதினா எழுந்துக்கும்.”

“ஊதக் கூடாது!” என்று வால்டெமிர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜுராந்திர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனான். வால்டெமிர் ஆயுளில் செய்யாத ஒன்றைச் செய்தான். முப்பத்தேழாம் எண் கேசட்டையே திறந்தான்.

உள்ளே பச்சைப் பலகை, சுத்தமான வேலை, பார்க்கப் பார்க்க அழகு. ஒரே ஓர் இடத்தில்தான் கண் உறுத்தியது. அந்த ஊசிமுனை ஓட்டைக்கு நேர் பின்னால் சட்டைப் பித்தான் அளவில் வட்டமாக ஏதோ ஓர் உலோகச் சமாச்சாரம். அவனிடம் நூற்று நாற்பது கேசட் உண்டு. எதிலும் இப்படி ஒன்று கிடையாது. மடியில் வைத்து ஐந்து நிமிடம் யோசித்து, வால்டெமிர் தீர்ப்பு எழுதினான்: தப்பான உதிரி. இதுதான் மின்சாரத்தை வழியிலேயே குடித்துவிடுகிறது.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று கத்திக்கொண்டே ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னைச் செருகினான்.

மின்சார ஷவரில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் வேறு எதையும் செருகக் கூடாது. இஸ்திரிப் பெட்டி ஒருமுறை பாடம் கற்பித்திருந்தது. பட் என்று வீடு முழுக்க கரண்ட் போயிற்று. பிரேசிலில் குளிர்காலமான ஜூலை மாதத்துக் குளிரில் ஜுராந்திரின் தலையில் ஐஸ் தண்ணீர் இறங்கியது. குளியலறையிலிருந்து வந்த அலறலைக் கேட்டு மார்லூசியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக ஜுராந்திர் வெளியே வந்தான்.

“மாப்ள, இதுவரைக்கும் நான் நடுநிலைமை. இனிமே நான் என் தங்கச்சி கட்சி.”

கரண்ட் வர இருபது நிமிடம் ஆயிற்று. வால்டெமிர் விடவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வட்டத்தைச் சூடுகாட்டிப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான். கேசட்டை மூடினான். செருகினான். போட்டான்.

கறுப்பு.

மணி ஐந்தாக இன்னும் நான்கு நிமிடம். மார்லூசியா அளவு நாடாவோடு மூலையில் நின்றாள். ஜுராந்திர் தலையைத் துவட்டியபடி கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். கபிவாராவின் முகத்தை வால்டெமிர் அட்டைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். இனிமேலும் அப்படித்தானா?

“வால்டி” என்றாள் மார்லூசியா. அவள் குரல் இளகியிருந்தது. “ஒரே ஒரு தடவை ஊதேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.”

வால்டெமிர் கேசட்டைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். ஓட்டையில் ஒட்டிய டேப்பைக்கூடப் பிய்த்தான். கண்ணை மூடிக்கொண்டு, முப்பத்து நான்கு வருட விரதத்தை விட்டு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நெஞ்சு காலியாகும்வரை ஊதினான்.

கண்ணைத் திறந்தபோது ஜுராந்திரின் கைபேசி எதிரே நீட்டியிருந்தது.

“கழகத் தலைவர் ஊதுறாரு! உங்க குரூப்புல போட்டாச்சு மாப்ள. நீதானே என்னையும் சேத்துவிட்ட.”

வால்டெமிர் கேசட்டைச் செருகிப் போட்டான். கறுப்பு.

வால்டெமிரின் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது.

“பாத்தீங்களா?” என்றான். “ஊதினேன். என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல! காலையிலேருந்து ரெண்டு பேரும் ஊது ஊதுன்னீங்களே? இதையும் படம் எடுத்துப் போடு மச்சான். முதல் விதி சரிதான்னு ஊரே பாக்கட்டும்.”

ஐந்து அடித்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தான் குத்திய முத்திரையைத் தானே மறுக்கிற ஆள் இல்லை அவன். டார்சிசியோவுக்கு ஒரு போன் மட்டும் போட்டான், யாரும் எடுக்கவில்லை. பிறகு டிவியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மறுபக்கம் ஜுராந்திர். டிவி போனாலும் கொள்கை தோற்கவில்லை என்ற ஒரு சின்ன ஆறுதலோடு படியிறங்கினான்.

பாதிப் படியில் அவன் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. இரண்டு கையும் டிவிக்கு அடியில். மார்லூசியா பையிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“வணக்கங்க, குரிச்சிபாவுலேருந்து ஜுசாரா பேசறேன். டார்சிசியோவோட மனைவி. அவரு ஒரு லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்களை எடுக்கப் போயிருக்காரு. கேசட் பார்சல் கட்டறது எல்லாம் நான்தான், சொல்லுங்க.”

“முப்பத்தேழாம் நம்பர் வாங்கினவன் பேசறேங்க” என்றான் வால்டெமிர், மூச்சு வாங்க. “ஆரம்பிக்கவே மாட்டேங்குது.”

“ஊதினீங்களா?”

ஜுராந்திர் அந்தப் பக்கத்திலிருந்து கனைத்தான்.

“ஊதினேங்க” என்றான் வால்டெமிர், தலையை நிமிர்த்தி. “நல்லாவே ஊதினேன். ஊதியும் வரல.”

“அப்படி ஆகாதே! புத்தகத்துல முதல் பக்கத்துலயே போட்டிருக்கு பாருங்க. ஒரே ஒரு தடவை ஊதினாப் போதும், அப்புறம் வாழ்நாளுக்கும் ஓடும். ஓட்டைக்குப் பின்னாடி பித்தான் மாதிரி ஒரு குட்டி மைக் இருக்கும், ஊதற காத்து அதுல படணும். அது கழண்டு கிழண்டு போயிடுச்சான்னு பாருங்க.”

டிவி ஒரு படி சறுக்கியது. “மாப்ள, பிடி, பிடி!” என்று ஜுராந்திர் கத்தினான். கைபேசி இருந்த அதே பையில் அந்த வட்டம் கிடந்து வால்டெமிரின் நெஞ்சைக் குத்தியது.

“ஏங்க” என்று மார்லூசியா கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். “ஒரு கேசட்டுக்குள்ள எதுக்குங்க மைக்கு?”

“அதை ஏம்மா கேக்கறீங்க” என்று ஜுசாரா சிரித்தாள். “சொரொகாபாவுல யாரோ ஒரு ஆளு, ஊதவே கூடாதுன்னு ஒன்பது விதி போட்டு ஊரையே மிரட்டிக்கிட்டு இருக்காராம். அந்த ஆளைச் செத்த நேரம் ஊத வச்சுப் பாத்துடணும்னுதான் எங்க வீட்டுக்காரரு மூணு வருஷமா உக்காந்து இந்தக் கேமையே எழுதினாரு!”