மாத்திரைக்குக் கூறு போட்ட பாய்

உலகத்தில் எத்தனையோ மருத்துவ ஆராய்ச்சிகள் மருந்து சரியில்லாமல் படுத்திருக்கின்றன. பணம் தீர்ந்து நின்றவை உண்டு, டாக்டர்களுக்குள் சண்டை வந்து நின்றவை உண்டு. நியாயம் அளவுக்கு மீறிப் போனதால் கவிழப் பார்த்த ஆராய்ச்சி எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதில் நான்தான் வேலை பார்த்தேன். கவிழ்க்கப் பார்த்தவர் கூறு பாய்.

அவருடைய சொந்தப் பெயர் ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தார். தீபாவளி சமயத்தில் ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஊர்களில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடு வாங்கினால், வெட்டிப் பங்கு பிரிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தராசு கிடையாது. வாழை இலையை விரித்துக் கறியைக் குவியல் குவியலாக வைத்துக்கொண்டே போவார். அதுதான் கூறு. ஒவ்வொரு கூறிலும் ஈரலில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், கொழுப்பில் கொஞ்சம் இருக்க வேண்டும். ஒரு கூறில் ஈரல் குறைந்தது போலத் தெரிந்தால் போதும், அத்தனையையும் கலைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். மசாலா அரைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் கூட்டம் பல்லைக் கடிக்கும். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

ஆயுசு முழுக்கக் கத்தி பிடித்ததில் கை போய்விட்டது. விரல் கணுக்கள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்து, காலையில் எழுந்தால் செத்த நேரத்துக்கு விரல் மடங்காது. இந்தத் தேய்மானம் முழங்காலில் வந்தால் ஊரே விசாரிக்கும். விரலில் வந்தால் வீட்டிலேயே நம்பமாட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு அந்த ஆராய்ச்சி வந்தது. விரல் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று பல ஊர்களில் ஒரே சமயத்தில் பார்ப்பது. பெரிய ஊர்களுக்கு நடுவே திண்டுக்கல்லுக்கும் ஓர் இடம் வாங்க எங்கள் மூட்டு டாக்டர் அலையாத அலைச்சல் அலைந்திருந்தார். ஒழுங்காக நடத்திக் காட்டினால் அடுத்தடுத்த ஆராய்ச்சிகள் வரும். சொதப்பினால் அதோடு சரி, ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் எனக்குக் கிடைத்த வேலையும் சரி. "சின்னத் தப்பு நடந்தாலும் கதவச் சாத்திட்டுப் போகச் சொல்லிருவாங்கம்மா," என்று முதல் நாளே டாக்டர் சொல்லிவைத்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் சொல்வார். அதனாலேயே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விதி எளிது. பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை. மீதிப் பேருக்குப் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் இப்படித்தான் நடக்கிறது என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பாய் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு நெசமா, வெத்தா?"

"தெரியாது பாய்."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"அவருக்கே தெரியாதா. அப்ப நான் யாருகிட்ட தாயி கையக் காட்டிக்கிட்டு இருக்கேன்?"

அன்று காலை முழுக்க அவருக்கு மட்டுமே விளக்கினேன். புரிந்தது என்றார். அவர் புரிந்தது என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மாதாமாதம் பரிசோதனை. பிடியின் பலத்தை அளக்க ஒரு கருவியைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்ல வேண்டும். பாய் அதைத் திருவிழாப் பந்தயமாக்கிவிட்டார். காத்திருப்பவர்களை எல்லாம் சுற்றி நிற்கவைத்து, "ஏலே, அந்தக் கைய விடு, இந்தக் கையில அமுக்கு. ஆத்தூர்க்காரங்க உன்ன முந்திட்டாங்கப்பு," என்று உசுப்பிவிடுவார். சேவுகம்பட்டியிலிருந்து வந்த தேங்காய் வியாபாரி ஒருவர் ரோஷத்தில் அமுக்கு அமுக்கென்று அமுக்கி, அப்புறம் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் எங்கள் நர்ஸ் ஊட்டிவிடும்படி ஆனது.

அடுத்தது வலிக் கணக்கு. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. போன வாரம் எப்படி இருந்தது என்று ஒரே ஓர் எண் சொன்னால் போதும். பாயிடம் அந்த ஓர் எண்ணை வாங்குவதற்குள் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும்.

"ஞாயித்துக்கெழம வெட்டுற அன்னைக்கு வேற, வெள்ளிக்கெழம வேற. அத எப்படி ஒண்ணாக் கட்டுறது?"

"தோராயமாச் சொல்லுங்க பாய்."

"வலியில என்ன தாயி தோராயம்?"

அப்புறம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பார். பார்த்துவிட்டு, "சரி, ஆறு போட்டுக்க," என்பார். அடுத்த மாதம் ஐந்து. அதற்கடுத்த மாதம் நாலு. எண்ணை எழுதும்போது முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்பது விதி. இவ்வளவு பாடுபடுத்துகிற மனிதருக்காவது வலி குறைகிறதே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இந்த ஆராய்ச்சியைத் திட்டமிட்ட புண்ணியவான் யாரோ தெரியாது. விரல் மடங்காதவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரை டப்பாவுக்கு, குழந்தைகள் திறந்துவிடக் கூடாதென்று, அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி போட்டிருந்தார். பாய் அதை என் மேஜையில் வைத்தார்.

"இதத் தொறக்கிற கை இருந்தா நான் ஏன் தாயி இங்க வாரேன்?"

நியாயமான கேள்வி. அதற்கு அவரே வழியும் கண்டுபிடித்தார். கடையில் அவருடைய மருமகன் இருப்பான், நல்ல வாட்டசாட்டமான பையன். பரிசோதனை முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் எப்படியும் பஸ் ஸ்டாண்டுக்குத்தானே போகிறார்கள், கடையில் நின்று மூடியைத் திறந்து வாங்கிக்கொண்டு போகட்டும். இந்த உபகாரத்துக்கு நான் அவருக்கு நன்றி வேறு சொன்னேன். என் புத்தியை எதில் கொண்டுபோய் அடிப்பது.

மறுமாதம் பாக்கியம் அக்கா வந்தார். ஆத்தூர்ப் பக்கம் மல்லிகைத் தோட்டம், பூப்பறித்துப் பறித்தே விரல் தேய்ந்தவர். வந்ததும் ஒரு புகார் சொன்னார்.

"ஏம்மா, போன தடவ எனக்கு மட்டும் கூறு கொறஞ்சு போச்சு. பாய்கிட்டச் சொல்லிட்டேன், நீயும் ஒரு வார்த்த சொல்லிரு."

"என்ன கூறு அக்கா?"

"மாத்திரக் கூறுதான்."

பேனாவைக் கீழே வைத்தேன். அக்கா நிதானமாக விவரித்தார். போன மாதம் எல்லோரும் கடையில் கூடியிருக்கிறார்கள். மருமகன் மூடிகளைத் திறந்திருக்கிறான். இத்தனை டப்பாவில் எது நிஜம், எது வெற்று என்று பாய் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. பாய்க்கு மனசு கேட்கவில்லை. வாழை இலையை விரித்து அத்தனை டப்பாவையும் அதில் கவிழ்த்து, இரண்டு கையாலும் கலந்து, குவியல் வைத்து, அவரவர் டப்பாவில் அள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"வெத்து வந்தாலும் எல்லாருக்கும் வரணும், நெசம் வந்தாலும் எல்லாருக்கும் வரணும்னாரு. நல்ல மனுசன்மா. எலயக்கூடக் கழுவிட்டுத்தான் போட்டாரு."

டாக்டர் அறைக்கு ஓடினேன். நான் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கூறுன்னா, ஈரல் எலும்பு எல்லாம் கலந்து வைப்பாங்களே, அதாம்மா?" என்றார். ஆமாம் சார் என்றேன். "எங்க ஊர்லயும் வைப்பாங்க," என்று சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மறைக்க முடியாது, மேலிடத்துக்குத் தெரிவித்தோம். கூறு வாங்கியவர்கள் எல்லோரையும் பரிசோதித்தோம், நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தனை பேரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார்கள். விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவார், அதுவரை மாத்திரை கொடுக்கக்கூடாது, திண்டுக்கல்லை வைத்துக்கொள்வதா கழற்றிவிடுவதா என்று அப்புறம் முடிவு.

அழுகையும் ஆத்திரமுமாகக் கடைக்குப் போனேன். பாய் கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் செஞ்சு வச்சிருக்கீங்க?"

"நான் என்ன திருடுனனா, வித்தனா? வந்ததப் பங்கு வச்சேன். ஒருத்தருக்கு ஈரலும் ஒருத்தருக்கு வெறும் எலும்புமாப் போட்டா அது கூறா?"

ஆஸ்பத்திரியில் படித்த விளக்கமெல்லாம் எனக்கு மறந்துபோனது. கண்ணெதிரே தொங்கிய கறிதான் தெரிந்தது.

"ரெண்டு ஆடு இருக்கு பாய். எது ருசின்னு தெரியணும். ஒண்ண இந்தத் தெருவுக்கும் ஒண்ண அந்தத் தெருவுக்கும் குடுத்துட்டுக் கேட்டாத்தான தெரியும்? நீங்க ரெண்டு கறியையும் கலந்து கூறு போட்டு எல்லா வீட்டுக்கும் அனுப்பிட்டீங்க. இப்ப நான் எந்த வீட்டுல போயி எந்த ஆடு ருசின்னு கேக்குறது?"

கத்தி நின்றது. பாய் அதைக் கீழே வைத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவினார்.

"ஏத்தா, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? அன்னைக்குக் காலம்பற பூராப் பேசுன. ஆட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

விசாரணை நாளன்று யாரும் கூப்பிடாமலே பாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தப்பு முழுக்கத் தன்னுடையது, இந்தப் புள்ளை மேல் ஒன்றுமில்லை என்று சென்னை அதிகாரியிடம் சொன்னார். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆராய்ச்சி என்றால் என்ன என்று இரண்டு ஆட்டை வைத்து அந்த அம்மாவுக்கே விளக்க ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கடைசி வரை குறுக்கிடவில்லை. பழைய ஆட்களை மறுபடி சேர்க்கக்கூடாது, புது ஆட்களைச் சீக்கிரம் சேர்த்துக் காட்டினால் தொடரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது ஆட்களுக்கு எங்கே போவது? வெற்று மாத்திரை கொடுக்கிற ஆஸ்பத்திரி என்று அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. டாக்டர் அறையிலிருந்து வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார். நான் வேறு வேலை தேடத் தொடங்கினேன்.

அப்போதுதான் ஒருவர் வந்தார். பாய் அனுப்பினார் என்றார். மறுநாள் இன்னும் சிலர், அவர்களும் பாய் அனுப்பித்தான். விசாரித்தால், கறிப் பொட்டலம் வாங்க நீளும் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். கணு புடைத்திருந்தால் பொட்டலத்தைக் கொடுக்காமல் ஆட்டுக் கதையைச் சொல்லித்தான் அனுப்புவாராம். "குடுத்தத முழுங்கு. பக்கத்து வீட்டுக்குக் குடுக்காத, பக்கத்து வீட்டுல வாங்காத. கலந்தேன்னு தெரிஞ்சா இனி இந்தக் கடையில உனக்குக் கறி கெடையாது," என்று எச்சரிக்கை வேறு. இடங்கள் நிறைந்தன. அதன் பிறகு மேற்பார்வை பார்க்க வாராவாரம் ஆஸ்பத்திரிக்கே வர ஆரம்பித்தார். கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அவருக்கு மட்டும் அந்த மாத்திரை இனி இல்லை. டாக்டர் தைலமும் கட்டைவிரலுக்கு ஒரு பட்டையும் கொடுத்தார். பட்டை கத்தி பிடிக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைக் கடை ஆணியில் மாட்டி வைத்துவிட்டார்.

இரண்டாம் தடவை ஆராய்ச்சி ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. எங்களுக்கு அடுத்த ஆராய்ச்சியும் கிடைத்தது. ஆனால் முடிவு? மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று சாப்பிட்டவர்களுக்கும் வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. பாயிடம் போய்ச் சொன்னேன்.

"அப்ப நெசமும் வெத்தும் ஒண்ணுதானா?"

"இந்த மாத்திரையில அப்படித்தான் பாய்."

"அப்ப நான் போட்ட கூறு சரியாத்தான இருந்துருக்கு."

இவருக்காக நான் அழுத அழுகையெல்லாம் ஞாபகம் வந்தது. கிளம்பினேன். படி இறங்கும்போது பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"இப்ப வலி எத்தன பாய்?"

"எழுதப் போறியா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

"அப்படின்னா எட்டு."

"அன்னைக்கு நாலு வரைக்கும் எறங்குச்சே?"

"எங்க எறங்குச்சு. அப்பவும் எட்டுதான். நீ பேனாவப் பிடிச்சுக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு இருந்த. நம்பர் கொறஞ்சா ஒம் மொகம் தெளிஞ்சுச்சு. சரி, புள்ள சந்தோசமா எழுதிட்டுப் போகட்டும்னு கொறச்சேன்."

இந்த மனிதரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கியவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது.

இப்போதும் அந்தப் பக்கம் போனால் கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன். பாய் உள்ளதைச் சொல்கிறார். எட்டு என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை.