காலியிடத்தின் காவல்

அன்று அவையில் இருந்தவர்கள்: அவரை என்னும் நாட்டின் மன்னர் வீங்குபுகழார். அமைச்சர் நிறைகுடத்தார். மன்னருக்குக் குடை பிடிப்பவர், குடை பிடிப்பவருக்கு விசிறுபவர். கைதட்டுவோர் சங்கம், முழுமையாக. நடுவில், வலக்கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்ற நப்பின்னை.

பிறந்ததிலிருந்து அந்தக் கை சும்மா இருந்ததில்லை. அவரை விதைபோல வளைந்த அந்த நாட்டின் எல்லையில் மதில் கிடையாது. கைகோர்ப்பவர்கள்தான் மதில். ஆற்றோரம் எதிரெதிரே நின்று ஒருவர் கையை ஒருவர் பற்றியிருப்பார்கள். கைகளுக்கு நடுவே இருக்கும் சந்துக்குக் காலியிடம் என்று பெயர். கழிவும் மிச்சத் தண்ணீரும் அதன் வழியே வெளியே இருக்கும் ஓடைக்குப் போகும். வெண்கருவினர் மட்டும் போகக்கூடாது. பருத்த உடம்புக்காரர்களான அவர்கள்தான் ஆற்றுநீரைக் கரைக்குள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் போனால் ஆறு ஊருக்குள் ஏறிவிடும்.

நல்ல காலம் அது. நப்பின்னைக்கு எதிரே பொதினி நின்றாள். வெண்கருவினர் யாராவது சந்தில் தலையை நுழைப்பார்.

"தாயீ, ஒரு எட்டு வெளிய பாத்துட்டு வந்துடறேன்."

"தல போயிரும் மாமா, தொப்ப போகாது. திரும்புங்க" என்பாள் பொதினி.

அவள் சிரித்தால் கை வழியாகவே அடுத்தவளுக்குத் தெரியும். அடுத்தவளும் சிரிப்பாள். அப்படியே கரை நெடுகச் சிரிப்பு போய்க்கொண்டிருக்கும். நப்பின்னை அதை இன்றும் உள்ளங்கையில்தான் நினைத்துக்கொள்வாள்.

பிறகு நிறைகுடத்தார் எல்லையைப் பார்வையிட வந்தார்.

"இங்கே எதைக் காக்கிறீர்கள்?"

"காலியிடத்தைங்க."

அமைச்சருக்கு வியர்த்துவிட்டது. எல்லை நெடுகக் காலியிடம்! அதுவும் இத்தனை காலமாக, ஒரு மருமகனுக்கும் சொல்லாமல்! மறுநாளே எல்லாக் காலியிடங்களும் நிரப்பப்பட்டன. சந்துதோறும் அமைச்சரின் மருமகன் ஒருவன் உட்கார்ந்தான். கழிவு உள்ளேயே தேங்கி நாறியது. நாற்றத்தைத் தடைசெய்து ஒரு சட்டம் வந்தது. நாற்றத்துக்குப் படிக்கத் தெரியவில்லை.

நாற்றத்துக்குக் காரணம் தேடிய விசாரணைக் குழு குற்றவாளிகளைக் கண்டுபிடித்தது. மருமகன்கள் அல்ல. கைகோர்த்து நிற்பது சதியின் முதல் படி என்றது குழு. இனிக் கைகோர்ப்பவர்கள் கைகளை உடம்போடு ஒட்டி, தனித்தனியாக நிற்க வேண்டும். மறுத்த பொதினியை ஆற்றில் தள்ள இழுத்தார்கள். "விட்றாதடி" என்று மட்டும் சொன்னாள். நப்பின்னை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தள்ளினார்கள்.

பிடிமானம் போனதும் மருமகன்களும் நழுவி விழுந்தார்கள். சந்துகள் வாசல்களாயின. வெண்கருவினர் மரியாதையாக, வரிசையில் வெளியேறினார்கள். வெளியே ஓடை நுரைத்தது. ஓடை பூச்சூடியது என்று அவைப்புலவர் பாடினார். உள்ளே தண்ணீர் தெருவுக்கு வந்தது. மக்களின் கால் வீங்கியது, பிறகு முகம். கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்த மன்னர், நாடு வளர்ந்துவிட்டதென அறிவித்தார். வளர்ச்சி விழா நடந்துகொண்டிருந்தபோதுதான் நப்பின்னை அவைக்குள் வந்தாள்.

"ஐயா, இது வளர்ச்சி இல்லீங்க. வீக்கம்."

கடைசிச் சொல் மன்னர் பெயரின் முன்பாதிபோலக் காதில் விழுந்ததால் கைதட்டுவோர் தட்டிவிட்டார்கள்.

"மிச்சம் இருக்கறவங்களையாவது கைகோக்க விடுங்க. எங்களுக்குப் பதிலா புதுசா யாரும் பொறக்க மாட்டாங்க. நாங்க போனா போனதுதான்."

"இவள் வளர்ச்சிக்கு எதிரானவள்" என்றார் நிறைகுடத்தார். "நாடு கடத்தப் பரிந்துரைக்கிறேன்."

மன்னர் தலையசைத்தார். கழுத்து வீங்கியிருந்ததால் அதற்குச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு சிக்கல் எழுந்தது. நாடு கடத்த வேண்டுமானால் வாசல் வேண்டும். எல்லையோ முழுக்கத் திறந்து கிடந்தது. உடனே அரசுச் செலவில், வெட்டவெளியில், தேக்கில் நிலையும் கதவும் நிறுத்தினார்கள்.

நப்பின்னையை அங்கே நடத்தி வந்தார்கள். கதவுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் வெண்கருவினர் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். காவலர் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவளைப் பற்றித்தான் உத்தரவு இருந்தது.

"வாசல் வழியாத்தான் போகணும்" என்றான் காவலன்.

போனாள். அவன் கதவைச் சாத்தினான். விரல்கள் வீங்கியிருந்ததால் சாவி எளிதில் திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருகி, ஒருவழியாகப் பூட்டினான்.