தண்ணீர் கேட்காத செடி

இனிமேல் தோட்டத்துக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். மனத்துக்குள்தான் எடுத்தேன். மனைவி வீட்டில் இருந்தாள்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் ஊரார் கண்ணைச் சோதித்துவிட்டு வந்தால், மாலையில் வாளி காத்திருக்கும். கொத்துவதும் களையெடுப்பதும் அவள் பங்கு. தண்ணீர் என் பங்கு. அவள் வைத்த ரோஜாக்கள் குடிக்கிற தண்ணீரில் ஒரு யானையைக் குளிப்பாட்டலாம்.

அப்போதுதான் ரயில்பாதை வேலியோரம் அந்தச் செடியைப் பார்த்தேன். மண் வெடித்துக் கிடந்தது, அது மட்டும் ஊதாப் பூவோடு சிரித்தது. கைபேசியில் படம் பிடித்துப் பெயர் கேட்டேன். முதலில் 'செருப்பு' என்றது. என் காலும் படத்தில் விழுந்துவிட்டது. காலை நகர்த்தினேன். 'கொழுஞ்சி, அவரைக் குடும்பம், வறட்சியைத் தாங்கும்' என்றது. காய்ந்த காய்களைப் பறித்து மூக்குக்கண்ணாடி டப்பாவில் போட்டுக்கொண்டேன்.

"டப்பாக்குள்ள என்னங்க சலசலங்குது?" என்றாள் மனைவி, நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே.

"விடுதலை! தண்ணியே இல்லாம பூக்கும் இது. பூத்துட்டா எனக்குத் தோட்ட வேலையே கிடையாது. சரியா?"

"பூக்க வெச்சவங்களுக்குத் தோட்ட வேலை கிடையாது. அப்படித்தானே?"

"அப்படியேதான்!"

"நான் பூக்க வெச்சாலுமா?"

"யார் வெச்சாலும்!" என்றேன் தாராளமாக. பாதி விதையை அவளுக்கும் அள்ளிக் கொடுத்தேன். என் வாயை நானே தைத்துக்கொண்டிருக்கலாம்.

வாசல் பாத்தியில் விதைத்தேன். ஒன்றும் வரவில்லை. தினமும் குனிந்து பார்த்ததில் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. கடைசியில் பயம் வந்துவிட்டது. விடியற்காலையில் பல் துலக்குகிற சாக்கில் ஒரு சொம்புத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அப்புறம் சொம்பு வாளியாகிவிட்டது.

முளைத்தது! தெருவே அதிரக் கத்தினேன்.

"இலை பெருசா இருக்கே?" என்றாள்.

"நல்ல ஊட்டம்."

"கொடி வீசுதே? காட்டுச்செடி கொம்பு கேக்குமா?"

"அவரைக் குடும்பம்னா அப்படித்தான். குடும்பப் பழக்கம்."

"பூ வெள்ளையா இருக்கே? ஊதான்னீங்க?"

"வெயில்ல வெளுத்துப்போச்சு!"

வெற்றிக்குச் சாட்சி வேண்டுமே. பக்கத்து வீட்டுத் தபால்காரரை அழைத்தேன். என் கடையில் வாங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"சார், இது பீன்ஸ்."

"கண்ணாடி பழசாயிடுச்சு. கடைக்கு வாங்க, மாத்தித் தரேன்."

"பீன்ஸுதான் சார். காயே தொங்குதே!"

தொங்கியது. மனைவி எங்கள் இருவரையும் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். உடைந்த செங்கல் குவித்த மூலையில், வாளி எட்டிப் பார்க்காத இடத்தில், கொழுஞ்சி ஊதா ஊதாவாகப் பூத்திருந்தது.

"எப்படி?" என்றேன்.

"விதைத் தோல் கல்லு மாதிரி இருந்துச்சு. உங்க பையில கண்ணாடி ஓரம் தேய்க்கிற உப்புத்தாள் இருந்துச்சுல்ல? அதுல லேசா உரசி, ராத்திரி ஊறவெச்சுப் போட்டேன். அதோட சரி. முளைச்சதும் திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்ப அந்த பீன்ஸ்?"

"நீங்க விடியக்காலையில பிரஷ்ஷும் வாயுமா சொம்போட பதுங்குறதை ஜன்னல்ல பாத்தேன். வெறும் மண்ணுக்கு ஊத்துறீங்களே, தண்ணி வீணாப் போகுதேன்னு நாலு பீன்ஸ் விதை போட்டுவெச்சேன்."

தபால்காரர் வேலிப் பக்கம் திரும்பி இருமினார். அது இருமல் இல்லை.

அவள் களைக்கொத்தை என் கையில் வைத்தாள். "பூக்க வெச்சவங்களுக்கு வேலை கிடையாது. நீங்க சொன்னதுதான்."

"அப்ப தண்ணி?" என்றேன், ஏதாவது சலுகை கிடைக்காதா என்ற நப்பாசையில்.

"இத்தனை வருஷமா உங்களால சாயங்காலம் மட்டும்தான் முடியும்னு நினைச்சுட்டு இருந்தேங்க. காலையிலயும் முடியும்னு இப்பதானே தெரிஞ்சுது!"