வாத்தும் நானும் ஒரே வகுப்பில் இருக்க முடியாது

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம், என் முழங்காலும் பரவாயில்லை, கெட்டுக் கிடப்பது மனசு ஒன்றுதான். அங்கே நீங்களும் என் தங்கையும் சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்கவும் வேண்டும். தினமும் நூலகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் பேசினால் நீங்கள் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். கடிதத்திடம் அது நடக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தின் பின்னறையில் மாலை வேளையில் நான் நடத்திவரும் புரோகிராமிங் வகுப்பை நிறுத்திவிட்டு, அதே அறையில், அதே பெஞ்சுகளில், தலைமை அலுவலகம் அனுப்பிய பெட்டியைப் பிரித்து வைக்கலாமா என்று நூலகராகிய நீங்கள் யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெட்டியை நானும் பார்த்தேன். உள்ளே டேப்லெட்கள், டேப்லெட்டுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்து. கட்டளை எழுதிய கலர் கலரான கட்டைகளைத் திரையில் விரலால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டவைத்தால் வாத்து நடக்கும், திரும்பும், குளத்தில் இறங்கும். சரியாகச் செய்துவிட்டால் இறக்கையை அடித்துக்கொண்டு "சபாஷ்! நீங்க கெட்டிக்காரர்!" என்று கூவும். மாப்பிள்ளை, என் மாணவர்கள் யார்? வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்று ஓய்வு பெற்ற காவலாளி, ஊரில் பாதிப் பேருக்கு ரொட்டி சுட்டுப் போடும் பேக்கரிக்காரர், மீதிப் பேருக்குப் பல் பிடுங்கிவிட்ட பல் டாக்டரம்மா. இவர்களைப் பார்த்து ஒரு வாத்து சபாஷ் சொல்வதா? அதற்கு என்ன தகுதி இருக்கிறது?

எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள், கேளுங்கள். நான் காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன். கதவு மூடினால்தான் லிஃப்ட் நகர வேண்டும் என்பதைவிடப் பெரிய நிபந்தனை எந்தப் புரோகிராமிலும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு உங்கள் நூலகத்திலேயே அட்டை கிழிந்த புத்தகங்களை எடுத்துப் படித்து, யாரும் சொல்லித்தராமல் நானே கற்றுக்கொண்டேன். பாடத்துக்குப் பணம் கட்டிச் சாமான் வாங்கவும் இல்லை. சாக்பீஸ், பென்சில், காலி செருப்புப் பெட்டிகள், அவ்வளவுதான். ஒரு பெட்டியில் ஒரு பொருள்தான் இருக்கலாம், புதிதாக ஒன்றை வைத்தால் பழையது வெளியே போய்விடும் என்று காட்டினால், கம்ப்யூட்டர் ஒரு விஷயத்தை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பது பளிச்சென்று விளங்கும். பல் டாக்டரம்மா தன் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிட்டு, மேலே கைக்குட்டையையும் வைக்கப் போனார். கண்ணாடியை எடுத்து ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் போட்டேன். அதன் பிறகு அந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, என் வகுப்பில் மனிதர்தான் கம்ப்யூட்டர். ஒருவர் தாளில் கட்டளை எழுதுவார், இன்னொருவர் எழுந்து நின்று அதில் இருப்பதை மட்டும் செய்வார். தாளில் இல்லாததைச் செய்யக் கூடாது. கெஞ்சினாலும் கேட்கக் கூடாது. தப்பு நடந்தால் ஆளைத் திருத்தக் கூடாது, தாளைத் திருத்த வேண்டும். இதுதான் சட்டம். சட்டத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இப்போது, என் வகுப்பைப் பார்வையிடத் தலைமை அலுவலகம் அனுப்பிய மேற்பார்வை அம்மா வந்துபோனதைப் பற்றி யார் யாரோ உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் சொல்கிறேன். அன்றைக்குப் பாடம் ரொம்ப எளிமையானது. காவலாளியின் தாளில், "அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடு, மேஜையில் வை, அலமாரி காலியாகும் வரை இதையே செய்" என்று இருந்தது. பேக்கரிக்காரரின் தாளில், "மேஜையிலிருந்து ஒரு பொருளை எடு, அலமாரியில் வை, மேஜை காலியாகும் வரை இதையே செய்" என்று இருந்தது. ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அந்த அம்மா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால், கொஞ்சம் சுறுசுறுப்பைக் காட்டலாமே என்று இருவரையும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொன்னேன். இதைத் தப்பு என்று சொல்லாதீர்கள், துணிச்சல் என்று சொல்லுங்கள்.

காவலாளி எடுத்து வைக்கிறார், பேக்கரிக்காரர் எடுத்து அடுக்குகிறார். இவர் வைக்கிறார், அவர் அடுக்குகிறார். அலமாரியும் காலியாகவில்லை, மேஜையும் காலியாகவில்லை. அந்த அம்மா பார்த்தார், பார்த்தார், கால் வலித்ததோ என்னவோ, உள்ளே வந்து கைப்பையை மேஜைமேல் வைத்தார். பேக்கரிக்காரர் மனுஷன் ஒரு கணம்கூடத் தயங்கலையே! பையை ரொட்டித் தட்டு மாதிரி ரெண்டு கையாலயும் ஏந்திக் கொண்டுபோய் அகராதிக்குப் பக்கத்துல அடுக்கிட்டார்.

"ஐயா, அது என் பை!"

"தாள்ல பொருள்னு போட்டிருக்கு, மேடம். பையும் பொருள்தானே."

"யோவ், என் பைய்யா!"

"உங்களுதுன்னு தாள்ல இல்லீங்க."

அவங்க அலமாரிகிட்ட ஓடறதுக்குள்ள காவலாளி பையை எடுத்துட்டார். அந்த அம்மா பையோட ஒரு காதைப் பிடிச்சு இழுக்குறாங்க, இவர் மறு காதை விடமாட்டேங்கறார். வேலை நேரத்துல யார் என்ன கேட்டாலும் முகத்தைத் திருப்பாம நிக்கிறதுக்குத்தான் வங்கி இவருக்கு ஆயுசு பூராவும் சம்பளம் கொடுத்தது, அந்தப் பழக்கம் லேசுல போகுமா? மேஜைக்கு வந்த பை மறுபடி அலமாரிக்குப் போச்சு. போற வழியில பைக்குள்ள போன் அலற ஆரம்பிச்சது. அது அலமாரியில அலறுது, மேஜையில அலறுது, நடுவழியில அலறுது. "வகுப்பு எப்படிப் போகுது?"ன்னு விசாரிக்க அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்ட புண்ணியவான் நீங்கதான்னு அப்புறம்தான் தெரிஞ்சது. நல்லாத்தான் போச்சு மாப்பிள்ளை, ரொம்ப நல்லாப் போச்சு.

"சார், நீங்க வாத்தியார்தானே? நிறுத்தச் சொல்லுங்க!"ன்னு அந்த அம்மா என்கிட்ட கத்தினாங்க.

"நான் சொன்னா நிக்கமாட்டாங்க மேடம். தாள் சொன்னாத்தான் நிப்பாங்க."

"அப்ப தாளை மாத்துங்க!"

"அதை மாணவர்கள்தான் மாத்தணும். நான் மாத்தினா அது பாடமில்லையே."

எனக்குப் பயம் வந்ததை மறைக்க மாட்டேன். அந்த அம்மா என் மேல புகாரா ஒரு வார்த்தை எழுதிட்டா என் வகுப்பு போச்சு. சாயங்காலமானா எனக்குன்னு இருக்கிற ஒரே இடம் அந்த அறைதான், இல்லாட்டி வீட்டுல உட்கார்ந்து டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடணும். நானே ஓடிப்போய்ப் பையைப் பிடுங்கிடலாமான்னுகூட ஒரு நொடி தோணுச்சு. ஆனா சட்டம் சட்டம்தான். கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அப்போது எழுந்தார் பல் டாக்டரம்மா. வகுப்பிலேயே மோசமான மாணவி. அவர் எழுதும் புரோகிராம் எதுவுமே முடிவுக்கு வராது, முடிந்தால் தொடங்கியிருக்காது. அப்படிப்பட்டவர் பென்சிலை எடுத்துக்கொண்டு காவலாளியோடு கூடவே நடந்தபடி அவர் தாளில் ஒரே ஒரு வரி எழுதினார்: "கையில் இருப்பது புத்தகம் இல்லையென்றால், கதவோரம் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு நில்." எழுதி முடித்ததும், "மேடம், கதவுகிட்ட போங்க, சீக்கிரம்!" என்று விரட்டினார். அந்த அம்மா ஓடிப்போய் நின்றார். காவலாளி அடுத்த முறை பையை எடுத்தார், தாளைப் பார்த்தார், நேரே கதவுக்குப் போய்ப் பையை ஒப்படைத்துவிட்டுச் சிலையாக நின்றுவிட்டார். புதிதாகக் கொண்டுவந்து வைக்க ஆள் இல்லாததால், மேஜையில் மிச்சம் இருந்ததை பேக்கரிக்காரர் அடுக்கி முடித்துத் தானாகவே நின்றார். ஒரே வரி, மாப்பிள்ளை! ஒரு வரியில் இரண்டு பேரும் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த அம்மாவும் நல்ல மனுஷிதான். பையைத் திறந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார், தண்ணீர் குடித்தார், பிறகு, "இது வகுப்பா கலாட்டாவான்னு எனக்குத் தெரியல. ஆனா ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யற லூப்னா என்னன்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. முடிவை நூலகரே பண்ணிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே முடிவு உங்கள் கையில். ஒன்றுமே வராத பல் டாக்டரம்மாவுக்கு அந்த ஒரு வரியைக் கற்றுக்கொடுத்தது எது? என் சாக்பீஸ், என் செருப்புப் பெட்டி, என் கண்டிப்பு. வாத்து வைத்து இப்படி ஒரு மாணவியை உருவாக்க முடியுமா? அந்தப் பெட்டியை வந்த வழியே திருப்பி அனுப்புங்கள். வாத்து இருக்கும் அறையில் நான் காலெடுத்து வைக்கமாட்டேன். தங்கையை விட்டுச் சமாதானம் பேசிப் பார்க்க வேண்டாம், அவளும் என்னைப் போலத்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

தங்கைக்கு என் பரிபூரண ஆசிகள். உங்களுக்கும் ஆசிகள் உண்டு, பெட்டி திரும்பிப் போனதும் அவை செல்லுபடியாகும்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும்
உங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் பல் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தாங்க. "அன்னைக்கு அந்த வரி எப்படித் தோணுச்சும்மா?"ன்னு பெருமையாக் கேட்டு வெச்சேன். "அது ஒண்ணுமில்ல சார், வாத்து குளத்துல இறங்குறதுக்கு முன்னாடி தண்ணியா தரையான்னு பார்க்கச் சொல்லணும், இல்லாட்டி தரையில விழுந்துரும். அதேதான்"னாங்க. விசாரிச்சதுல, அந்தம்மா, காவலாளி, பேக்கரிக்காரர் எல்லாருமே டேப்லெட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ரொம்ப நாளாப் பழகுறாங்களாம். பின்பக்கக் கவுண்டர் வழியா எடுத்துக் கொடுத்தது நீங்களாம். "அப்ப என் வகுப்பு எதுக்கு?"ன்னேன். "வாத்து என்னத்தையோ பண்ணுது சார், அது ஏன்னு உங்ககிட்ட வந்தாத்தான் புரியுது"ன்னு அந்தம்மா சொன்னாங்க. காபி குடிச்சிட்டுப் போங்கன்னு உட்கார வெச்சேன். இவ்வளவு எழுதின பிறகு கடிதத்தைக் கிழிக்கவும் மனசு வரல. அதனால மேலே "வாத்து" என்று வரும் இடத்திலெல்லாம் "உதவி ஆசிரியர்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். அது வேலையில் சேரலாம். எனக்குக் கீழேதான், சத்தத்தை அணைத்துவிட்டுத்தான்.